ஆண்டுக் கணக்குக்கு முன் எண்ணும் விதி

துப்பாக்கிக் குற்றங்களுக்கான தண்டனைச் சட்டம் ஒன்றைப் படிக்க உட்காருபவரின் கண் முதலில் போய் நிற்பது ஆண்டுக் கணக்கில்தான். பத்தா, பதினைந்தா, ஆயுளா? செய்தித்தாள் அதைத்தான் தலைப்பில் போடும். சபையில் மசோதாவை ஆதரித்துப் பேசுபவரும் அதைத்தான் உரக்கச் சொல்வார். திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவர்களுக்கான சட்டங்களைப் படிக்கும்போது இந்தப் பழக்கம் உதவாது. அங்கே தண்டனையைத் தீர்மானிப்பது பழைய குற்றங்களை எண்ணும் விதி. எந்தப் பழைய குற்றம் கணக்கில் வரும், ஒரே இரவில் நடந்தவை ஒன்றா பலவா, எவ்வளவு காலம் பின்னோக்கிப் போகலாம் என்ற மூன்றுக்கும் விடை தெரியாதவரை அந்தச் சட்டம் யாரைப் பிடிக்கும், யாரை விடும் என்று சொல்ல முடியாது. இதைப் படித்துப் பழக அமெரிக்காவின் 1984-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வசதியாகக் கிடைக்கிறது. ‘ஆயுதம் தாங்கிய தொழில்முறைக் குற்றவாளிகள் சட்டம்’ என்று அதைத் தமிழில் சொல்லலாம். அந்நாட்டு உச்ச நீதிமன்றம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. அந்த வழக்குகளில் பெரும்பாலானவை எண்ணிக்கை பற்றியவை. பதினைந்து ஆண்டு அதிகமா குறைவா என்பது பற்றியவை அல்ல.

முதலில் சட்டத்தின் கட்டுமானம். ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கத்தக்க குற்றத்தில் தண்டிக்கப்பட்ட எவரும் அதன் பிறகு துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்கிறது 1968-ஆம் ஆண்டின் ஃபெடரல் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம். சுட வேண்டியதில்லை, மிரட்ட வேண்டியதில்லை, வைத்திருந்தாலே குற்றம். இதற்கு 1988 முதல் அதிகபட்சம் பத்தாண்டு இருந்தது. 2022-இல் அது பதினைந்தாண்டாக உயர்ந்தது. இந்தத் தடையை மீறியவருக்கு ஏற்கெனவே மூன்று ‘வன்முறைக் குற்ற’ அல்லது ‘கடும் போதைப்பொருள் குற்ற’த் தீர்ப்புகள் இருந்தால் 1984 சட்டம் பாய்கிறது. அப்போது பதினைந்தாண்டு என்பதே குறைந்தபட்சம். மேலே ஆயுள்வரை போகலாம். ஃபெடரல் சிறையில் பரோல் கிடையாது. நன்னடத்தைக்காக ஆண்டுக்கு அதிகபட்சம் 54 நாள் கழியும். ஆகப் பதினைந்தாண்டு பெற்றவர் ஏறக்குறைய பன்னிரண்டே முக்கால் ஆண்டு உள்ளே இருந்தாக வேண்டும். அரசுத் தரப்புக்குக் கணிசமாக ஒத்துழைத்தவர் என்று அரசே மனுப் போட்டால் ஒழிய நீதிபதி இந்தக் குறைந்தபட்சத்துக்குக் கீழே இறங்க முடியாது. தண்டனை நிர்ணய ஆணையத்தின் 2019 நிதியாண்டுக் கணக்குப்படி, இந்தக் கட்டாயத் தண்டனைக்கு உட்பட்டவர்களின் சராசரி 206 மாதம். ஒத்துழைத்து விலக்குப் பெற்றவர்களின் சராசரி 112 மாதம்.

இந்தச் சட்டத்தின் பின்னால் இருந்த எண்ணம் அசட்டுத்தனமானது அல்ல. அதை முன்னின்று கொண்டுவந்த செனட்டர் ஆர்லன் ஸ்பெக்டர், பிலடெல்ஃபியாவின் முன்னாள் மாவட்ட அரசு வழக்கறிஞர். 1945-இல் பிறந்து அதே ஊரில் வளர்ந்த 9,945 ஆண் பிள்ளைகளின் போலீஸ் பதிவுகளைத் தொடர்ந்து பார்த்த மார்வின் வுல்ஃப்காங் குழுவின் ஆய்வு 1972-இல் வெளிவந்திருந்தது. அவர்களில் 627 பேர், அதாவது நூற்றுக்கு ஆறு பேர், மொத்தக் குற்றங்களில் பாதிக்குச் சற்று மேல் செய்திருந்தார்கள். சிலரைப் பிடித்து வைத்தால் பலவற்றைத் தடுக்கலாம் என்ற முடிவுக்கு வர இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் அந்த ஆய்வு பார்த்தது பதினெட்டு வயதுக்குள் ஒருவன் எத்தனை முறை போலீசிடம் சிக்கினான் என்பதை. அதாவது, குறிப்பிட்ட வயதில், குறுகிய காலத்தில், அடுக்கடுக்காக நடந்தவை. சட்டமாக மாறும்போது அந்த வேகமும் வயதும் உதிர்ந்துவிட்டன. மிஞ்சியது ‘மூன்று’ என்ற எண்ணும் அந்த மூன்றின் மேல் ஒட்டியிருந்த சட்டப் பெயர்களும்தான். 1984-இல் வழிப்பறியும் கன்னமிட்டுத் திருடுவதும் மட்டுமே கணக்கில் வந்தன. 1986-இல் வலை விரிந்து, வன்முறைக் குற்றம், கடும் போதைப்பொருள் குற்றம் என்ற இரண்டு பெரிய வகைகள் வந்தன. சிக்கல் அங்கிருந்து தொடங்குகிறது.

எந்தப் பழைய குற்றம் கணக்கில் வரும்? ஐம்பது மாநிலங்களும் ஐம்பது குற்றவியல் சட்டம் வைத்திருக்கின்றன. ஒரு மாநிலத்தில் வீட்டுக்குள் புகுந்தால்தான் கன்னக்களவு. இன்னொன்றில் படகுக்குள் புகுந்தாலும் அதே பெயர். 1990-இல் டெய்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வழி சொன்னது: ஆள் உண்மையில் என்ன செய்தான் என்று பார்க்காதே, அவன் எந்தப் பிரிவில் தண்டிக்கப்பட்டானோ அந்தப் பிரிவு கோரும் குற்றக்கூறுகளைப் பார், அவை பொதுவான வரையறைக்குள் அடங்கினால் எண்ணு, அதைத் தாண்டி விரிந்தால் எண்ணாதே. காரணம் வலுவானது. இருபது ஆண்டுக்கு முந்தைய இரவில் என்ன நடந்தது என்று தண்டனை வழங்கும் நீதிபதி தனியாக உட்கார்ந்து மறுவிசாரணை நடத்தக் கூடாது. விளைவு என்ன ஆனது என்பதற்கு 2016-ஆம் ஆண்டின் மாத்திஸ் வழக்கு. ஐயோவா மாநிலத்தில் ஐந்து முறை கன்னக்களவுக்குத் தண்டிக்கப்பட்டவர். வீடு, கராஜ் போன்றவற்றுக்குள் அவர் புகுந்தார் என்பது ஆவணத்திலேயே இருந்தது. ஆனால் ஐயோவா சட்டத்தின் வரையறை கட்டடத்தோடு நில, நீர், வான் வாகனங்களையும் சேர்த்துக்கொள்கிறது. பொதுவான கன்னக்களவில் வாகனம் வராது. ஆகவே ஐந்தில் ஒன்றுகூடக் கணக்கில் வரவில்லை. மாற்றுக் கருத்து எழுதிய நீதிபதி அலிட்டோ கடுப்பில் ஒரு கதையே சொன்னார்: பிரஸ்ஸல்ஸ் ரயில் நிலையத்துக்குத் தோழியை அழைத்துவரக் கிளம்பிய பெல்ஜியப் பெண், ஜிபிஎஸ் சொன்னபடியே ஓட்டிக் கடைசியில் குரோஷியாவின் ஜாக்ரெப் நகரில் போய் நின்றாராம். நீதிமன்றமும் அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது என்பது அவர் புகார். பக்கத்து மாநிலத்தில் அதே போன்ற வீட்டை உடைத்த இன்னொருவருக்குப் பதினைந்தாண்டு கிடைத்திருக்கக்கூடும் என்பதை நினைத்தால் அந்தப் புகாரைச் சிரித்துத் தள்ள முடியாது.

‘வன்முறை’ என்பதற்குச் சட்டம் வைத்திருந்த பொது வரி இன்னும் மோசம். பிறருக்குக் காயம் ஏற்படும் கடுமையான அபாயம் உள்ள வேறெந்தச் செயலும் வன்முறையே என்றது அது. இதை வைத்து நீதிமன்றம் நான்கு முறை கோடு போட்டுப் பார்த்தது. கன்னக்களவு முயற்சி வன்முறை என்றது 2007-இல். குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது அல்ல என்றது 2008-இல். சிறைக்கு ஆஜராகாமல் இருப்பது அல்ல என்றது 2009-இல். போலீசிடமிருந்து காரில் தப்பி ஓடுவது வன்முறைதான் என்றது 2011-இல். குழல் வெட்டிய துப்பாக்கியை வெறுமனே வைத்திருப்பது வன்முறையா என்ற கேள்வி 2015-இல் ஜான்சன் வழக்கில் வந்தபோது, நீதிபதி ஸ்காலியா எழுதிய தீர்ப்பு அந்த வரியையே தெளிவின்மைக்காகச் செல்லாது என்று தூக்கி எறிந்தது. மறு ஆண்டே வெல்ச் வழக்கில், ஏற்கெனவே தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் அது பொருந்தும் என்று முடிவானது. 1986-க்கும் 2015-க்கும் இடைப்பட்ட இருபத்தொன்பது ஆண்டுகளில் அந்த வரியின் பேரில் உள்ளே போனவர்கள் மனுப் போட வேண்டியதாயிற்று. இவற்றில் ஒரு வழக்கில்கூட ‘இவர் ஆபத்தானவரா’ என்ற கேள்வி எழவில்லை என்பதைக் கவனியுங்கள். எழுந்ததெல்லாம் ‘இந்தப் பிரிவு அந்த வரையறைக்குள் அடங்குமா’ என்பதே. போதைப்பொருள் பக்கமும் இதே கதைதான்: அந்தக் குற்றத்துக்கு மாநிலச் சட்டம் பத்தாண்டோ அதற்கு மேலோ விதிக்க அனுமதித்தால் அது ‘கடும்’ குற்றம், அந்த ஆளுக்கு உண்மையில் ஆறு மாதமே கிடைத்திருந்தாலும் சரி.

ஒன்றா, பலவா என்பது இரண்டாவது கேள்வி. சட்டம் வந்த புதிதில், நியூயார்க்கில் ஓர் உணவகத்தில் ஆறு பேரிடம் ஒரே நேரத்தில் கொள்ளையடித்த ஒருவருக்கு அது ஆறு முன்தண்டனையாக எண்ணப்பட்டது. அரசே அது தவறு என்று ஒப்புக்கொண்டது. 1988-இல் ‘வெவ்வேறு சந்தர்ப்பங்களில் செய்தவை’ என்ற சொற்களை நாடாளுமன்றம் சேர்த்தது. சந்தர்ப்பம் என்றால் என்ன என்று சொல்லவில்லை. அதற்கு முப்பத்துநான்கு ஆண்டு பிடித்தது. 1997-இல் ஜார்ஜியாவில் ஒரு கும்பல், வாடகைக்கு விடும் சாமான் கிடங்கு ஒன்றுக்குள் இரவில் புகுந்து, அறைக்கும் அறைக்கும் நடுவே இருந்த சுவரை உடைத்துக்கொண்டே போய்ப் பத்து அறைகளில் திருடியது. உடன் என்பவர் அதில் ஒருவர். பத்துக் குற்றச்சாட்டையும் ஒப்புக்கொண்டார். பத்துக்கும் சேர்த்து எட்டாண்டு, ஏக காலத்தில். 2014-இல் ஒரு குளிர்கால அதிகாலையில் சாதாரண உடையில் வந்த போலீஸ்காரர் வேறொருவரை விசாரிக்க அவர் வீட்டுக் கதவைத் தட்டினார். குளிருக்கு உள்ளே வரலாமா என்று கேட்டு நுழைந்தவரின் கண்ணில் துப்பாக்கிகள் பட்டன. முன்தண்டனையை ஒன்றாக எண்ணியிருந்தால் பரிந்துரை 21 முதல் 27 மாதம். பத்தாக எண்ணியதால் கிடைத்தது 188 மாதம். ஆள் அதே ஆள், துப்பாக்கி அதே துப்பாக்கி, நடுவில் வித்தியாசம் பதின்மூன்றாண்டுக்கு மேல். 2022-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை ஒரே சந்தர்ப்பம் என்றது. காலம், இடம், செயல்களுக்குள் இருக்கும் தொடர்பு ஆகியவற்றைப் பார்க்கச் சொன்னது. பாமரர் ஒருவர் ஒரு நொடியில் சொல்லியிருக்கக்கூடிய விடைக்கு அவ்வளவு பெரிய பயணம்.

மூன்றாவது கேள்வி காலம். இதற்கு 1984 சட்டத்தில் வரம்பே இல்லை. அதே நாட்டின் தண்டனை வழிகாட்டு விதிகள், பதின்மூன்று மாதத்துக்கு மேற்பட்ட பழைய தண்டனைகளை எண்ணவும் பதினைந்தாண்டு எல்லை வைத்திருக்கின்றன, சிறியவற்றுக்குப் பத்தாண்டு. கட்டாயத் தண்டனைச் சட்டத்துக்கு மட்டும் இருபத்தைந்து வயதுத் திருட்டு ஐம்பது வயதிலும் நேற்று நடந்ததுபோல்தான். டென்னசியில் ஒருவர், இறந்துபோன அண்டைவீட்டுக்காரரின் சாமான்களை அவர் மனைவிக்காக விற்றுக் கொடுத்தபோது, அவற்றோடு ஏழு ஷாட்கன் தோட்டாக்கள் வந்திருந்தன. பிள்ளைகள் கைக்கு எட்டாமல் ஒரு டிராயருக்குள் போட்டுவைத்தார். துப்பாக்கி எதுவும் அவரிடம் இல்லை. புதிய திருட்டு ஒன்றுக்காகப் போலீஸ் அவர் வீட்டைச் சோதனையிட்டபோது தோட்டாக்கள் கிடைத்தன. ஆக அவர் பரிசுத்தர் என்று சொல்ல முடியாது. திருட்டுக்கு உரிய தண்டனை அவருக்கு உண்டு. ஆனால் சுமார் இருபதாண்டுக்கு முந்தைய கன்னக்களவுகளோடு அந்த ஏழு தோட்டாக்களைக் கூட்டியபோது வந்தது பதினைந்தாண்டு. 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் மிக வலுவானது இது: கடைக்கோடி வழக்குகளை வைத்துச் சட்டத்தை எடைபோடக் கூடாது, இந்தச் சட்டத்தில் சிக்குபவர்களில் பெரும்பாலோர் உண்மையிலேயே ஆபத்தானவர்கள். எண்கள் இதற்குத் துணைநிற்கின்றன. 2010-இல் விடுதலையானவர்களை எட்டாண்டு தொடர்ந்து பார்த்த தண்டனை நிர்ணய ஆணையத்தின் ஆய்வில், துப்பாக்கிக் குற்றவாளிகளில் 69 சதவீதத்தினர் மீண்டும் கைதானார்கள். மற்றவர்களில் 45 சதவீதத்தினர். இதை மறைத்துவிட்டு வாதம் செய்வது நேர்மை இல்லை. ஆனால் அதே ஆணையம் 2017-இல் வயதுவாரியாக வெளியிட்ட கணக்கையும் பக்கத்தில் வைக்க வேண்டும்: இருபத்தொரு வயதுக்குள் வெளியே வந்தவர்களில் 67.6 சதவீதத்தினர் மீண்டும் கைதாக, அறுபத்தைந்தைத் தாண்டியவர்களில் கைதானவர்கள் 13.4 சதவீதம். மூன்று தீர்ப்பு சேர்வதற்கே காலம் பிடிக்கும் என்பதால், எண்ணிக்கை விதி பலரைப் பிடிப்பது வேகம் குறையத் தொடங்கும் வயதில். ஆபத்தானவரை நீண்ட நாள் வைத்திருக்க வேறு வழியே இல்லை என்ற வாதமும் 2022-க்குப் பிறகு நொண்டுகிறது. இப்போது சாதாரண வழக்கிலேயே நீதிபதி பதினைந்தாண்டுவரை கொடுக்கலாம். அங்கே கூரையாக இருக்கும் எண்ணே இங்கே தரையாக இருக்கிறது. பதினைந்துக்கு மேல் போக வேண்டிய அரிதான ஆளுக்கு 1984 சட்டம் இன்னும் தேவைப்படலாம். பதினைந்தாண்டே கொடுப்பதற்கு அது தேவையில்லை.

கடுமையான தண்டனை மற்றவர்களை அச்சுறுத்தும் என்பது அடுத்த எதிர்வாதம். இங்கே சான்று இரண்டு பக்கமும் இருக்கிறது. மிச்சிகனில் 1977 முதல், குற்றத்தின்போது துப்பாக்கி வைத்திருந்தால் இரண்டாண்டு கூடுதல் என்று விளம்பரத்தோடு சட்டம் வந்தது. டெட்ராய்டை ஆராய்ந்த லாஃப்டின், ஹியூமன், மக்டவல் ஆகியோர் வன்முறை குறைந்ததற்குத் தெளிவான தடயம் காணவில்லை. நீதிபதிகள் அடிப்படைத் தண்டனையைக் குறைத்து இரண்டாண்டைச் சரிக்கட்டிவிட்டதும் தெரியவந்தது. வர்ஜீனியாவின் ரிச்மண்டில் 1997-இல் தொடங்கிய ‘எக்ஸைல்’ திட்டம், சட்டவிரோதத் துப்பாக்கிக்கு ஐந்தாண்டு ஃபெடரல் சிறை என்று ஊரெங்கும் விளம்பரம் செய்தது, கொலைகள் குறைந்தன. ஆனால் கொலைகள் அசாதாரணமாக ஏறியிருந்த ஊரில் திட்டம் இல்லாவிட்டாலும் அவை இறங்கியிருக்கும் என்று ரஃபேல், லுட்விக் இருவரும் காட்டினார்கள். மறுபக்கம், லாஃப்டினும் மக்டவலும் பங்கேற்ற 1992-ஆம் ஆண்டு ஆய்வு, ஆறு நகரங்களின் தரவை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது துப்பாக்கிக் கொலைகள் குறைந்திருக்கக் கண்டது. துப்பாக்கி வழிப்பறி ஏறக்குறைய ஐந்து சதவீதம் குறைந்தது என்றது டேவிட் ஆப்ரம்ஸின் 2012 ஆய்வு. இந்த இரண்டையும் நான் ஏற்கிறேன். ஆனால் அவை அளந்தது, குற்றத்தில் துப்பாக்கியைப் பயன்படுத்தியதற்கான கூடுதல் தண்டனையை. வழிப்பறிக்குப் போகிறவன் துப்பாக்கியை எடுப்பதா வேண்டாமா என்று அன்றைக்குத் தீர்மானிக்கிறான். அந்தத் தீர்மானத்தை ஒரு தண்டனை அசைக்கக்கூடும். ஐயோவா பிரிவு பொது வரையறைக்குள் அடங்குமா என்பதை உச்ச நீதிமன்றமே கணிக்க முடியாதபோது, பழைய குற்றவாளி அதைக் கணக்குப் போட்டுப் பயப்படுவான் என்று எதிர்பார்ப்பது எப்படி?

நீதிபதிகளிடம் விட்டால் ஆளுக்கொரு தீர்ப்பு வரும், கட்டாயத் தண்டனைதான் சமத்துவம் என்பார்கள். நீதிபதியின் கையைக் கட்டினால் முடிவெடுக்கும் அதிகாரம் மறைந்துவிடுவதில்லை. அரசு வழக்கறிஞரின் மேசைக்கு இடம் மாறுகிறது. மாநில நீதிமன்றத்தில் வழக்குப் போடுவதா ஃபெடரலிலா, ஒத்துழைப்பு மனு தருவதா வேண்டாமா என்று அவர் எடுக்கும் முடிவுகளுக்குக் காரணம் எழுதத் தேவையில்லை, மேல்முறையீடும் பெரும்பாலும் இல்லை. உடன் என்பவரின் வழக்கிலேயே அரசுத் தரப்பு முதலில் இந்தச் சட்டத்தைக் கேட்காமல் இருந்து, பிறகு மனம் மாறிக் கேட்டது. நீதிபதியின் ஏற்றத்தாழ்வாவது திறந்த மன்றத்தில், எழுத்தில் நடக்கும்.

இந்த வகை வழக்கு ஒன்றைப் பற்றி எழுதவோ அதை ஆராயவோ உட்காரும் வாசகர், தண்டனைத் தீர்ப்பிலிருந்து தொடங்காமல் பழைய வழக்கின் கட்டிலிருந்து தொடங்க வேண்டும். ஒவ்வொரு முன்தண்டனைக்கும், தீர்ப்பு நாளன்று அந்த மாநிலச் சட்டப் பிரிவு எப்படி இருந்தது என்று பாருங்கள். இன்றைய வாசகம் உதவாது. அடுத்து, குற்றப்பத்திரிகை, ஒப்புதல் உடன்பாடு, நீதிபதி குற்றவாளியிடம் கேள்வி கேட்ட பதிவு, ஜூரிக்குக் கொடுத்த விளக்கம் ஆகியவற்றைத் தேடுங்கள். 2005-ஆம் ஆண்டின் ஷெப்பர்ட் தீர்ப்பின்படி, எந்தப் பிரிவில் தண்டனை விழுந்தது என்று அறிய நீதிமன்றம் பார்க்கக்கூடியவை இத்தகைய ஆவணங்களே; போலீஸ் அறிக்கை அதில் சேராது. குற்றம் நடந்த தேதியையும் தீர்ப்பு வந்த தேதியையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் சந்தர்ப்பம் என்பது குற்றத்தின் தேதியைச் சார்ந்தது. 2024 ஜூனில் வந்த எர்லிங்கர் தீர்ப்புக்குப் பிறகு இது இன்னும் முக்கியம்: பழைய குற்றங்கள் வெவ்வேறு சந்தர்ப்பங்களில் நடந்தவையா என்பதை இனி நீதிபதி தீர்மானிக்க முடியாது, ஜூரி ஒருமனதாக, நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றித் தீர்மானிக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரின் பழைய வரலாற்றைக் கேட்டு ஜூரி முன்கூட்டியே முடிவுகட்டிவிடாமல் இருக்க, துப்பாக்கி வைத்திருந்தாரா என்ற விசாரணையை முதலில் முடித்துவிட்டு, இந்தக் கேள்வியை இரண்டாம் கட்டமாக நடத்தலாம் என்று அந்தத் தீர்ப்பே வழிகாட்டுகிறது. ஆகவே 2024-க்குப் பிந்தைய வழக்கு என்றால் அந்த இரண்டாம் கட்டம் நடந்ததா, அல்லது குற்றம் சாட்டப்பட்டவர் ஒப்புதலின்போது அந்த உரிமையை விட்டுக்கொடுத்தாரா என்று பதிவேட்டில் பாருங்கள்.